பெயர் கெட்ட ஆட்டக்காரரை மறுபடியும் அணியில் சேர்க்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லிக்குப்பம் கவர்

காணும் பொங்கல் கபடிப் போட்டிக்கு, காசு வாங்கித் தோற்கடித்த எங்கள் ரெய்டரை மறுபடியும் கூப்பிடச் சொல்லி ஊரில் பாதிப் பேர் நிற்கிறார்கள். அவன் வந்தால் சட்டை போட மாட்டோம் என்று மீதிப் பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

பாகூர் பக்கம் இரவு ஆட்டம், அரையிறுதி. ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம், கடைசி ரெய்டு எங்களுடையது. ஒரு டச் வந்தால் சமன். இந்தப் பக்கத்தில் அவனைப் போலப் பாடிப் போகிற ஆள் கிடையாது. போனான். கார்னரை ஏமாற்றுகிற மாதிரி உடம்பைத் திருப்பினான். யாரையும் தொடாமல் ஓரத்து லாபியில் கால் வைத்தான். தொடாமல் அங்கே மிதித்தால் அவுட்.

நான் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் வருவதற்கு முன்பே அவன் பாட்டு நின்றுவிட்டது. தெரியாமல் மிதித்தவன் என்றால் முதலில் நடுவரைப் பார்ப்பான், இல்லை இல்லை என்று கையை ஆட்டுவான். இவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக வெளியே போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

பணம் கை மாறியது பிறகு தெரிந்தது, அவனே ஒப்புக்கொண்டான். அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்றான், அது பொய்யில்லை. ஆனால் அந்த மேட்ச்சில் தோள் இறங்கியும் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடிய எங்கள் லெஃப்ட் கார்னர் அதற்கப்புறம் ஆடவே வரவில்லை. அவனிடம் போய் என்ன சொல்வது?

வில்லியனூர்வாசி

உங்கள் கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது.

2021 ஜனவரி, சையது முஷ்டாக் அலி கோப்பை கிரிக்கெட். கேரளத்துக்கு முதல் ஆட்டமே நம் புதுச்சேரியோடு, வான்கடேயில். ஸ்பாட் ஃபிக்ஸிங் வழக்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு சொன்னபடி பந்து போட்டதாக, தடை வாங்கிய கேரளப் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்த் 2013க்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி பந்தைத் தொட்டார். நம் ஃபாபித் அகமதுவை போல்டாக்கினார். டீக்கடையில் ஒரு தம்பி அந்த வீடியோவைப் போனில் காட்டினான். ஸ்டம்பு சாய்ந்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவுட்டானது நம் ஆள், தோற்றதும் நம் அணி! ரஞ்சியில் ஆட நமக்கு இடம் கிடைத்ததே 2018ல்தான். அதுவரை இங்கே ஆடிய பிள்ளைகள் வாய்ப்புக்காக எங்கெங்கோ அலைந்தார்கள். அவர்களுக்கு யார் கை தட்டினார்கள்?

இன்னொன்று. ‘சுப்ரீம் கோர்ட்டே விடுவித்துவிட்டது’ என்று அன்றைக்குக் கடையில் பேசினார்கள். 2019ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது ஆயுள் தடையைத்தான். தண்டனை அளவை மறுபடி பாருங்கள் என்று கிரிக்கெட் வாரியத்திடம் சொன்னது, அதன் பிறகு அது 7 வருஷமானது. வாரியம் சுமத்திய குற்றத்தை நீதிமன்றம் துடைத்துவிடவில்லை. தண்டனையை முழுசாக முடித்தவர் ஆட வரலாம், அதில் எனக்கு வழக்கு இல்லை. வரும்போது ஹீரோவாக வர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தேவனாம்பட்டினம் லிபரோ

எல்லோரும் பணம் வாங்கிய கதையே சொல்கிறீர்கள். எங்கள் வாலிபால் கிளப்பில் நடந்தது வேறு.

எங்கள் ஸ்பைக்கர், பெயர் வேண்டாம், மாவட்ட அணிக்கு ஆடியவர். பிராக்டிஸில் பாஸ் சரியாக வரவில்லை என்று ஒரு ஜூனியர் பையனைக் கன்னத்தில் அறைந்தார். பையனுக்குக் காதில் ரத்தம் வந்தது. கிளப்பில் அவரை ஒரு சீசன் நிறுத்தி வைத்தார்கள். அடுத்த சீசன் தொடங்குமுன்பே ‘அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது, போய்ப் பேசுங்கள்’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். நாலு பேர் பைக்கில் போய் அழைத்து வந்தார்கள்.

அவர் வந்த அன்று சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா கிரவுண்டுக்கு வந்தார். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார், கூடை இடுப்பில் இருந்தது. கூடைக்குள் இருந்து தனியாக ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே பையனின் ஜெர்சி. துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. ‘கிளப் சாமான், நீங்களே வச்சுக்குங்க தம்பி’ என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஸ்பைக்கரைக் கூப்பிட நாலு பேர் போனார்கள். அந்தப் பையனைக் கூப்பிட ஒருவர்கூடப் போகவில்லை. கவர் அண்ணா, உங்கள் லெஃப்ட் கார்னர் வீட்டுக்கு யாராவது போனீர்களா?

திருப்பாதிரிப்புலியூர் நடுவர்

என் கதை சின்னது. நடுவரைப் பிடித்துத் தள்ளியதற்காகத் தடை வாங்கிய ஒரு பேட்ஸ்மேன், தடை முடிந்து மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்தில் நான்தான் நின்றேன். கீப்பர் கேட்ச், அவுட் கொடுத்தேன். பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மனிதன் திருந்துவான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

இப்போது கவர் தம்பிக்குச் சில விஷயங்கள். அவனைச் சேர்ப்பதாக இருந்தால் வந்த உடனே ஏழு பேரில் இறக்காதீர்கள். ஒரு போட்டி முழுக்க வெளியே உட்காரட்டும், சின்னப் பையன்களுக்கு ரெய்டு சொல்லிக் கொடுக்கட்டும். வாங்கிய பணத்தை, கொஞ்சம் கொஞ்சமாகவேனும், ஊர் கணக்கில் கட்ட வேண்டும். அணி மொத்தத்தையும் உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிளெக்ஸ் பேனரில் அவன் படம் போடக் கூடாது. கேப்டன் பொறுப்பு பக்கமே விடக் கூடாது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2018 மார்ச்சில் கேப்டவுனில் உப்புத்தாள் வைத்துப் பந்தைத் தேய்த்த விவகாரத்தில் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதம், பேங்க்ராஃப்டுக்கு 9 மாதம். மூவரும் திரும்ப வந்து ஆடினார்கள். ஆனால் ஸ்மித் தலைமை ஏற்க இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். திட்டம் போட்டது வார்னர் என்பதால் அவருக்குத் தலைமைப் பொறுப்பே கிடையாது என்றார்கள், 2024ல்தான் அதை நீக்கினார்கள். ஆட விடுவது வேறு, பொறுப்புக் கொடுப்பது வேறு.

பாகிஸ்தான் பந்துவீச்சாளர் ஆமிரையும் சொல்ல வேண்டும். 2010ல் லார்ட்ஸில் காசுக்காக நோ பால் போட்டபோது வயது 18. 5 வருஷத் தடை, இங்கிலாந்தில் சிறை. 2015 டிசம்பரில் பயிற்சி முகாமுக்கு அவர் வந்தபோது ஹபீஸும் அசார் அலியும் அவரோடு முகாமில் இருக்க மாட்டோம் என்றார்கள், பேசிப் பேசித்தான் வந்தார்கள். கூட ஆடுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. சட்டை போட மாட்டோம் என்கிற உங்கள் பையன்களை மிரட்டாதீர்கள். 2017 சாம்பியன்ஸ் டிராபி ஓவல் இறுதி ஆட்டத்தில் ரோகித், தவான், கோலி மூவரையும் ஆமிர் எடுத்தது உங்களுக்கும் நினைவிருக்கும், வயிறு எரிந்திருக்கும்.

மஞ்சள் சட்டை, லாஸ்பேட்டை

ஐயா ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் எல்லாம் போய்வந்துவிட்டார், நம் வீட்டுக் கதையை விட்டுவிட்டார். பெட்டிங் விவகாரத்தில் ஐபிஎல்லில் சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் 2016, 2017 இரண்டு சீசன் தடை. 2018ல் திரும்பியதும் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேக்குப் போயின. சென்னையிலிருந்து ரசிகர்களுக்கு ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். நானும் போனேன். எதிரில் ராஜஸ்தான். தடை வாங்கிய இரண்டு அணியும் மோதுகின்றன, வாட்சன் செஞ்சுரி அடிக்கிறார், எனக்குப் பக்கத்தில் தாத்தா ஒருவர் அழுகிறார். அன்றைக்கு ஒருவரும் தடையைப் பற்றிப் பேசவில்லை.

நமக்குப் பிடித்த அணி என்றால் விசில் அடிக்கிறோம். அம்மாவுக்காகப் பணம் வாங்கிய கிராமத்துப் பையனை மட்டும் ஒதுக்கி வைப்பதா? என் மனசுக்கு ஒப்பவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்வாசி

மஞ்சள் சட்டை, சென்னை அணியில் தப்பு செய்தது நிர்வாகத் தரப்பு ஆள். மைதானத்தில் இறங்கிய பதினொரு பேரும் தோற்பதற்காக ஆடவில்லை. இங்கே கோட்டை மிதித்தது அவன் கால். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

நெல்லிக்குப்பம் கவர்

லிபரோ, போகவில்லை. யாரும் போகவில்லை. நாளைக்குப் போகிறேன்.

தேவனாம்பட்டினம் லிபரோ

போங்கள் அண்ணா.

நடுவர் ஐயா, நீங்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் மன்னிப்பு. எங்கள் கிளப்பிலும் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள், அந்தப் பையனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இருபது பேர் பார்க்க, பெரியவர் ஒருவர் கையைக் கூப்பினால் பதினாலு வயசுப் பையன் என்ன சொல்வான்? ‘பரவாயில்லண்ணா’ என்றுதான் சொல்லியாக வேண்டும். அவனுக்கு வேறு வழியே கிடையாது. நல்லவேளை, அவன் வரவில்லை.

தனியாக அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். உள்ளே கூப்பிடுவதா, வாசலோடு அனுப்புவதா என்று அந்த அம்மா முடிவு செய்யட்டும். இதை ஸ்பைக்கரிடமே நேரில் சொன்னேன். தலையை ஆட்டினார். இன்னும் போகவில்லை, பிராக்டிஸுக்கு மட்டும் தவறாமல் வருகிறார்.