வெயில் ஊரில் பைண்டர்: அளவு, வியர்வை, சட்டை, குரல், பயணம்

மதுரைவெயில்:

ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்கும் வெளியே வாழ்கிற நம்மில் பலருக்குப் பைண்டர், அதாவது மார்பை அழுத்தித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை, தினமும் தேவைப்படுவதில்லை. சில நாள் மார்பு தட்டையாகத் தெரிய வேண்டும், சில நாள் அது ஒரு விஷயமாகவே இருக்காது. கிடைக்கிற அறிவுரையோ பெரும்பாலும் குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதியது. மே மாத மதுரையில் அதில் பாதிதான் செல்லும். அவரவருக்குத் தெரிந்ததை இங்கே சேர்த்து வைப்போம்.

முதலில் அளவு. பேட் இல்லாத மெல்லிய பிராவோடு, அல்லது அதுவும் இல்லாமல், நேராக நின்று மூன்று இடத்தில் டேப் வையுங்கள். மார்பின் மிக அகலமான இடம், மார்புக்குக் கீழே விலாவில் விழும் மடிப்பு, ஒரு தோள் எலும்பின் நுனியிலிருந்து மறு நுனி. டேப் முதுகுப்பக்கம் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்து மட்டமாக்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அளக்காதீர்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதுதான். ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் இன்னும் தட்டையாகும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். நடப்பது வேறு: சதை அக்குள் பக்கம் பிதுங்கி, சட்டைக்கு மேலேயே வரிவரியாகத் தெரியும்.

போட்டுப் பார்த்ததும் முழு மூச்சு இழுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், உட்கார்ந்து குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இதில் ஒன்று முடியாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிரேப் பேண்டேஜ் வேண்டவே வேண்டாம். பொதுவாகப் பைண்டரின் முன்பக்கம் இழுபடாத துணி, பின்பக்கம் இழுபடும் வலைத்துணி. மூச்சு இழுக்கும்போது பின்பக்கம் விரிந்து கொடுக்கும். பேண்டேஜில் சுற்றிலும் ஒரே இழுவை, அசைய அசைய இன்னும் இறுகும், விலா எலும்பு விரிய இடமே இருக்காது. பாக்கிங் டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

முதுகெலும்பு:

பைண்டரை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடலாம் என்றால் எல்லோரும் '8 மணி நேரம்' என்ற ஒன்றையே பிடித்துக்கொள்கிறார்கள். அது மேல் எல்லை. தினமும் எட்ட வேண்டிய கணக்கு இல்லை. நம் வெயிலில் 5, 6 மணி நேரமே போதும் என்பேன். அதைவிட முக்கியம் வாரத்தில் எத்தனை நாள் என்பது. பைண்டர் போடும் 1,800 பேரிடம் கேட்டு 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு தொல்லையைச் சொன்னார்கள். முதுகுவலி, உடல் சூடேறுவது, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எல்லாம் முன்வரிசையில். வாரத்தில் அதிக நாள் போட்டவர்களுக்குத்தான் தொல்லையும் அதிகம். ஆகவே வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போடாமல் இருப்பதைத் திட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் இன்னொன்று: கடையில் வாங்கும் பைண்டரோடும் நிறையத் தொல்லைகள் சேர்ந்தே வந்தன. நல்லதாக வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் நீண்ட நேரம் போடுகிறார்களோ என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும் விலை கூடிய பைண்டர் ஓய்வு நாளுக்கு ஈடாகாது.

ஓய்வு நாளில் வெளியே போக வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் கொஞ்சம் கனமான பனியன், மேலே திறந்த சட்டை. பாதி தட்டையாகும், மூச்சு முழுதாக இருக்கும்.

கழற்றியதும் இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு விட்டு நன்றாக இருமுங்கள். பிறகு கதவு நிலையின் இரு பக்கமும் முன்கையை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து நெஞ்சை முன்னால் தள்ளி 30 வினாடி நில்லுங்கள். பைண்டர் போடாத நாளிலும் கூன் போட்டு மார்பை மறைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதற்கும் இது உதவும்.

கை மரத்துப்போவது, மூச்சு இழுக்கும்போது ஒரே இடத்தில் குத்துவது, தலைசுற்றல் இருந்தால் அங்கேயே கழற்றுங்கள். அலுவலகக் கழிப்பறையாக இருந்தாலும் சரி. கழற்றிய பிறகும் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ விடவில்லை என்றால் மருத்துவமனைதான். ஆஸ்துமா இருப்பவர்கள், முதுகெலும்பு வளைந்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். தூங்கும்போதும் ஜிம்மிலும் கூடாது.

மருத்துவரிடம் பாலினத்தை விளக்க விருப்பமில்லையா? "நெஞ்சை இறுக்குற உள்ளாடை போடுறேன், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்" என்று மட்டும் சொல்லுங்கள். வலிக்குக் காரணம் தேட அவருக்குத் தேவையான தகவல் அது. ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே இரண்டுக்கும் கழற்றச் சொல்வார்கள். முன்பட்டன் சட்டையில் போனால் மாற்றுவது எளிது.

வேப்பங்காற்று:

தோல் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் ஆட்டத்தைக் கெடுப்பது வியர்வைதான். மார்புக்கு அடியிலுள்ள மடிப்பில் ஈரம் தேங்கும், துணி உரசும், பூஞ்சைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பைண்டருக்கு உள்ளே கையில்லாத மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். அது ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சுருக்கமே தோலில் கோடு போடும். மதியம் அந்தப் பனியனை மட்டும் மாற்றினாலே பெரிய வித்தியாசம்.

பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். வியர்வையில் குழைந்து மடிப்பில் கட்டிக்கொள்ளும். கழுவி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துவதுதான் சரி.

சிவந்து வட்டமாகப் பரவி அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் மருத்துவரிடம் போங்கள். அது ஆறும் வரை பைண்டர் இல்லை.

துவைப்பது: சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், கையால் கசக்கல். பிளீச்சிங் பவுடர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. சூடும் குளோரினும் இழுபடும் நூலைத் தளர்த்திவிடும். நிழலில் காய அதிக நேரம் ஆகும் என்பதால் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது உத்தமம். கூட்டுக் குடும்பத்தில் கொடியில் காயப்போடத் தயக்கம் இருந்தால் வீட்டுப் பனியன்களின் நிறத்திலேயே வாங்குங்கள். பனியன்களுக்கு நடுவில் அது கண்ணில் படாது.

கேட்கவந்தவர்:

டேப் ஒட்டுறதைப் பத்தி ஒண்ணும் வரலையே தோழர்களே? பைண்டரைவிட காத்தோட்டமா இருக்கும்னு சொல்றாங்க.

வேப்பங்காற்று:

விளையாட்டு வீரர்கள் ஒட்டும் இழுபடும் துணி டேப் என்றால் சரி. முதலில் ஒரு சின்னத் துண்டை ஒட்டி 24 மணி நேரம் பாருங்கள், அரித்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். முலைக்காம்பின் மேல் சிறு பஞ்சுத் துணி. துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூரான மூலைதான் முதலில் உரியும். முன்பக்கத்தில் தொடங்கி அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் முடியுங்கள். நடுவில் மட்டும் லேசான இழுவை, இரண்டு முனையிலும் இழுவையே கூடாது. முனையை இழுத்து ஒட்டினால் அங்கே கொப்புளம் வரும். உடம்பைச் சுற்றி ஒட்டவே கூடாது.

எண்ணெய் தேய்த்த தோலில் டேப் நிற்காது. எடுப்பதற்கோ அதே எண்ணெய்தான் மருந்து: தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரியுங்கள். சித்திரை, வைகாசியில் ஓரம் சீக்கிரமே கிளம்பிவிடும். பெரிய மார்புக்கு இது அவ்வளவாக உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசிநூல்:

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பாதி வேலையைச் சட்டையிடம் விடலாம். ரெடிமேட் ஆண்கள் சட்டையில் வரும் சிக்கல், மார்புக்குச் சரியாக எடுத்தால் தோள் தொங்கும், தோளுக்கு எடுத்தால் இடுப்பில் பட்டன் இழுக்கும். இடுப்புக்கும் மார்புக்கும் தாராளமான சைஸை எடுத்து, தோளையும் கை நீளத்தையும் டெய்லரிடம் குறைக்கச் சொல்லுங்கள். தோள் தையல் தோள் எலும்பின் நுனியில் உட்கார்ந்துவிட்டால் மீதி தளர்வாக இருந்தாலும் அளவெடுத்துத் தைத்ததுபோல் தெரியும்.

புதிதாகத் தைத்தால் மார்பு அளவோடு 4 முதல் 5 அங்குலம் லூஸ் கேளுங்கள். "டாட் வேண்டாம், இடுப்புல வளைவு வேண்டாம், நேரா வெட்டுங்க" என்ற மூன்று வார்த்தை போதும் (டாட் என்பது மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் தையல் மடிப்பு). இரண்டாவது, மூன்றாவது பட்டனுக்கு நடுவில் உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைத்தால் இடைவெளி வாய் பிளக்காது. இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தால் மார்பின் வடிவம் உடையும். வழவழப்பான ரேயான் உடம்பின் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் விறைப்பான பருத்தி, சிறிய கட்டம் அல்லது பூ அச்சு நல்லது.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு, அதாவது உடம்பின் நேர்கோட்டை மென்மையாக்க விரும்புகிறவர்களுக்கு: ஜிப்பாவில் இரு பக்கமும் இடுப்பில் அரை அங்குலம் உள்ளே பிடித்து, பக்கத் திறப்பை இரண்டு அங்குலம் மேலே ஏற்றினால் போதும். லேடீஸ் டெய்லரா, ஜென்ட்ஸ் டெய்லரா என்று குழம்ப வேண்டாம். பிடித்த சட்டை ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி, இந்த மாற்றத்தோட" என்றால் பெரும்பாலும் கேள்வி வராது. கேள்வி வருவது வாயால் விளக்கும்போதுதான்.

நடுஸ்வரம்:

குரல். பேச்சின் சுருதியில் ஏறக்குறைய 145 முதல் 175 ஹெர்ட்ஸ் வரை ஆணா பெண்ணா என்று கேட்பவர் சட்டென்று முடிவு செய்ய முடியாத பகுதி. சுருதி காட்டும் செயலியை ஓடவிட்டு நாளுக்கு 10 நிமிடம், தினமும் பேசுகிற வாக்கியங்களையே சொல்லிப் பழகுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

ஆனால் தொலைபேசியில் மட்டும் பலர் சுருதியை நம்பி ஏமாறுகிறார்கள். பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். நீங்கள் பாடுபட்டு ஏற்றிய அடிச்சுருதி அதற்கும் கீழே இருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் குரலின் அதிர்வு எங்கே நிற்கிறது, வாக்கியம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார். வாயை மூடி 'ம்ம்' என்று இழுத்து, நெஞ்சில் கை வையுங்கள். அதிர்வு நெஞ்சிலிருந்து மூக்கு, உதடு பக்கம் நகரும்வரை மாற்றிப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் வைத்துப் பேசுங்கள்.

சார், மேடம் என்று கூப்பிடுகிறவரிடம் பாடம் நடத்த நேரம் இருக்காது. "பேர் சொல்லியே கூப்பிடுங்க, போதும்" என்றால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

மதுரைவெயில்:

பயணத்தையும் சேர்த்துவிடுகிறேன். ரயில் முன்பதிவில் ஆண், பெண் தவிர மூன்றாவது தேர்வும் உண்டு. நீங்கள் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே போடுவது வழியில் வாதத்தைக் குறைக்கும். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் நடைமுறையில் பரிசோதகர் கேட்பது அட்டையும் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். விமான நிலையத்துக்கு உலோகக் கொக்கி, ஜிப் இல்லாத பைண்டர். கொக்கி இருந்தால் கருவி கத்தும், கையால் தடவிப் பார்ப்பார்கள். தனி அறையில் சோதிக்கும்படி நீங்களே முன்கூட்டிக் கேட்கலாம்.

இரவுப் பேருந்தில் தூக்கம் நிச்சயம், ஆகவே ஏறும் முன்பே கழற்றிவிட்டுத் தொளதொளப்பான சட்டைக்கு மாறுங்கள். ரயிலில் அந்தத் தொல்லை குறைவு. பெட்டியின் கழிப்பறையில் ஆண், பெண் பலகை கிடையாது. காலையில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கவரும் துண்டும் எடுத்துப்போங்கள், வியர்வையைத் துடைக்காமல் மாட்டினால் பாதியில் சுருண்டு நின்றுவிடும். தலைவழியாக இழுப்பதைவிடக் காலில் நுழைத்து மேலே ஏற்றுவது எளிது. இடுப்பு அகலம் இடம் கொடுக்காவிட்டால் தலைவழிதான், அதை வண்டி நிற்கும் நேரத்தில் செய்யுங்கள். இரண்டு கையும் துணிக்குள் மாட்டியிருக்கும்போது வண்டி குலுங்கினால் பிடிக்கக் கை இருக்காது.