கோல் போஸ்ட்டுக்கு நடுவே கழிந்த கோடை

கால்பந்து உலகக் கோப்பை நடந்த ஏதாவது ஒரு கோடை, சிறுவயதில் பந்து விளையாடிய எல்லாருக்கும் மனதில் தனியாக நிற்கும். எனக்கு அது 1990. ஜூன் 8 முதல் ஜூலை 8 வரை, இத்தாலி. அப்போது எனக்கு 11 வயது. அந்தத் தொடரைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறவர்கள் குறைவு. ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்தான், எல்லா அணிகளும் பின்னாலேயே அடைந்து கிடந்தன, பார்க்கவே சலிப்பு என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தொடர் இன்றுவரை வரவில்லை. ஏனென்றால் நான் கீப்பர், கோலைக் காக்கிறவன்.

விரும்பிக் கீப்பர் ஆனவன் இல்லை. எங்கள் கூட்டத்திலேயே நான்தான் சின்னவன். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சுகிறவன் கோலுக்குப் போக வேண்டும். வாயைத் திறந்துகூடச் சொல்ல மாட்டார்கள், கோல் போஸ்ட்டாக வைத்த இரண்டு கல்லுக்கும் நடுவே கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். கோல் விழுந்தால் திட்டு எனக்கு. விழாமல் வெளியே போனாலும் பந்தை எடுத்துவர ஓடுவது நான். பந்தைத் தடுத்தால் மட்டும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

முதல் ஆட்டம் மிலானில், அர்ஜென்டினாவும் கேமரூனும். எல்லாரும் அர்ஜென்டினாவின் நட்சத்திரம் மரடோனாவைப் பார்க்க உட்கார்ந்தோம். என் கண் போனது கேமரூனின் கோலில் நின்ற தோமா என்கோனோ மேல். மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருக்க, அவர் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பதற்றமே இல்லை. உயரத்தில் வந்த பந்துகளை வெளியே வந்து குத்தித் தள்ளினார். 67வது நிமிடத்தில் ஓமாம் பியிக் எம்பித் தலையால் தட்டிய பந்து அர்ஜென்டினா கீப்பர் பும்பிதோவின் கையில் பட்டு நழுவி உள்ளே உருண்டது. கேமரூனில் இரண்டு பேரை ரெஃப்ரி வெளியே அனுப்பியும், மீதி 9 பேர் கடைசிவரை தாக்குப்பிடித்து 1-0 என்று ஜெயித்தார்கள்.

மறுநாள் திடலில் எல்லாரும் ஓமாம் பியிக்காக மாறி எம்பிக் குதித்தார்கள். நான் வீட்டில் இருந்ததிலேயே தடிமனான பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அது வெறும் அலங்காரம் இல்லை. முட்டி சிராய்க்காது என்ற தைரியம் வந்ததும் முதல் முறையாகப் பக்கவாட்டில் முழு உடம்பையும் போட்டு விழுந்தேன். அதுவரை காலை நீட்டித்தான் தடுப்பேன். முழங்கையை ஊன்றி விழுந்தால் வலிக்கும், தொடையின் பக்கமும் தோளும் முதலில் தரையில் பட்டால் வலிக்காது என்பதை அந்த வாரத்தில் உடம்பே கற்றுக்கொண்டது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி படித்தேன். அதே கோடையில் இத்தாலியில் 12 வயதுப் பையன் ஒருவன், நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவன், என்கோனோவைப் பார்த்துத்தான் கீப்பராக வேண்டும் என்று ஆசைப்பட்டானாம். அவன் ஜான்லூயிஜி பஃபன். 2006இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். தன் மகனுக்கு என்கோனோவின் பெயரையும் சேர்த்து லூயி தோமாஸ் என்று வைத்தார். அதைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த ஆட்டத்தில் கோல் அடித்தவரை விட்டுவிட்டுக் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் மட்டும் இல்லை.

அடுத்த ஆட்டத்திலேயே பும்பிதோ சொந்த அணிக்காரரோடு மோதிக் கால் முறிந்து வெளியே போனார். உள்ளே வந்தவர் செர்ஜியோ கொய்கொச்சேயா. மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவர். காலிறுதியில் யுகோஸ்லாவியாவோடு கோலே இல்லாமல் பெனால்டிக்குப் போனது, அதாவது ஒவ்வொருவராக வந்து கீப்பரை மட்டும் எதிர்த்து அடிப்பது. மரடோனாவே தன் பெனால்டியைத் தவறவிட்டார். கொய்கொச்சேயா இரண்டைப் பிடித்துக் காப்பாற்றினார். அரையிறுதியில், நேபிள்ஸில், இத்தாலியோடு மறுபடி பெனால்டி. தொனடோனி, செரேனா இருவர் அடித்ததையும் தடுத்தார். மாற்று ஆளாக வந்தவர் ஒரு நாட்டையே இறுதியாட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எங்கள் திடல் மாறிப்போனது. ஆட்டம் முடிந்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். கட்டாயம் பெனால்டி ஷூட்-அவுட் உண்டு. ஜெயித்த அணிக்கும் தோற்ற அணிக்கும்கூட உண்டு. உண்மையான பெனால்டி தூரம் 11 மீட்டர். நாங்கள் காலால் எட்டி வைத்து அளப்போம். என் அணிக்காரர்கள் இருப்பதிலேயே நெட்டையனை விட்டு அளப்பார்கள், எதிரணி குட்டையானவனைக் கொண்டுவரும். அந்தச் சண்டை முடியவே கால் மணி ஆகும்.

நான் பார்க்க ஆரம்பித்தது அடிக்கிறவனின் ஊன்றும் காலை. உதைக்கும் கால் ஏமாற்றும், கண்ணும் ஏமாற்றும். ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தினமும் அங்கேயே நின்றவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அரையிறுதிக்கு மறுநாள் ஆள் எடுக்கும்போது கேப்டன் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டான். வேகமாக ஓடுகிறவன், இரண்டு காலாலும் அடிக்கிறவன், பந்துக்குச் சொந்தக்காரன் எல்லாரும் வரிசையில் நிற்க, முதலில் நான். பிற்பாடு வேலையில், படிப்பில் எவ்வளவோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கூப்பிடல் அளவுக்கு எதுவும் என்னைத் தொட்டதில்லை.

இறுதியாட்டத்தில் 85வது நிமிடம், மேற்கு ஜெர்மனிக்குப் பெனால்டி. பிரேமே அடித்தார். கொய்கொச்சேயா சரியான பக்கம்தான் பாய்ந்தார், கைக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து போய்விட்டது. சரியாகக் கணித்தும் எட்டவில்லை. அந்த வயதில் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை, அழுதேன்.

உங்கள் கூட்டத்தில் கீப்பராக நின்றது யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? எழுதுங்கள்.

* * *

அண்ணா, எங்கள் கூட்டத்தில் பந்து பொறுக்கிப் போடுவது நான்தான். அண்ணன்கள் ஆடுவார்கள், நான் கோலுக்குப் பின்னால் நிற்பேன். நீங்கள் சொன்ன அதே 1990. எனக்கு 9 வயது.

எனக்குப் பிடித்தது கேமரூனின் ரோஜர் மில்லா. 38 வயது. மாற்று ஆளாக வந்து வந்தே அந்தத் தொடரில் 4 கோல் அடித்தார். ஒவ்வொரு முறையும் கார்னர் கொடிக்கு ஓடிப்போய் ஆடுவாரே! அப்பா தூங்காமல் என்னோடு உட்கார்ந்து பார்த்த ஒரே விளையாட்டு அது. கொலம்பியாவோடு ஆடியபோது அவர்களுடைய கீப்பர் ரெனே இகிதா கோலைவிட்டு வெகுதூரம் வெளியே வந்து, காலில் பந்தை வைத்துக்கொண்டு மில்லாவைத் தாண்டப் பார்த்தார். மில்லா பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் காலி கோலில் அடித்தார். அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

எல்லாரும் இகிதாவைக் குறை சொன்னார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கீப்பர் என்றால் இரண்டு கல்லுக்கு நடுவே நிற்க வேண்டியதில்லை, வெளியே வரலாம், ஆடலாம் என்று முதலில் எனக்குக் காட்டியவர் அவர்தான். அந்த வாரம் ஒருநாள் ஆள் குறைந்தது. என்னைக் கீப்பராக நிறுத்தினார்கள். பந்து என் பக்கம் வந்ததும் கையால் எடுக்கவே இல்லை. காலால் தள்ளிக்கொண்டு நடுத்திடல் வரை ஓடினேன். அண்ணன்கள் நில்லு நில்லு என்று கத்தினார்கள். நிற்கவில்லை. கோல் அடிக்கவும் இல்லை, ஆனால் ஒரு பாஸ் கொடுத்தேன், அது கோல் ஆனது. அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுவதும் கோலுக்குப் பின்னால் நிற்க நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வேறு யாராவது பந்து பொறுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

* * *

ஷூட்-அவுட்டில் எதிர்ப்பக்கம் நின்ற ஆள் நான். என் கோடை 1994. எங்கள் அணிக்குப் பெனால்டி என்றால் நான்தான் அடிப்பேன், வேறு பேச்சே கிடையாது.

அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலியின் ராபர்டோ பாஜியோதான் எனக்கு எல்லாம். இத்தாலி தட்டுத் தடுமாறித்தான் அடுத்த சுற்றுக்கு வந்தது. அங்கிருந்து நைஜீரியாவுக்கு எதிராக 2, ஸ்பெயினுக்கு எதிராக 1, பல்கேரியாவுக்கு எதிராக 2 என்று அணியை இறுதியாட்டம் வரை இழுத்து வந்தவர் அவர். ஜூலை 17, அமெரிக்காவின் பாசடீனாவில் இறுதியாட்டம். பிரேசிலோடு 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் இத்தாலியின் பரேசி மேலே அடித்தார், மசாரோ அடித்ததை பிரேசில் கீப்பர் டஃபரேல் தடுத்தார். கடைசியில் பாஜியோ வந்தார். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

பாஜியோ தோற்கடித்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு முன்னால் இரண்டு பேர் தவறவிட்டதை யாரும் சொல்வதில்லை. அவர் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு பெனால்டி மிச்சம் இருந்தது என்பதையும் சொல்வதில்லை. எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம்.

மறுநாள் திடலில் ஒரு பெனால்டி கிடைத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. அப்போது எங்கள் கீப்பர், அதிகம் பேசாத பையன், அந்தக் கடைசியிலிருந்து ஓடி வந்து பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்துவிட்டு, “நீ அடி, போனா நான் எடுத்துட்டு வரேன்” என்றான். அடித்தேன். எங்கே போனது என்று கேட்காதீர்கள், அதுவா முக்கியம்? அவன் ஓடி வந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவனோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

* * *

ஒரு சின்னச் சேர்க்கை. கல்லை வைத்து ஆடினால் மேல்கம்பம் கிடையாது அல்லவா? எங்களிடம் கீப்பர் கையைத் தூக்கினால் எட்டும் உயரம்தான் மேல்கம்பம். அதனால் குட்டையான கீப்பருக்கு கோல் சின்னது! நெட்டையனை நிறுத்தினால் கோல் பெரிதாகிவிடும். இதைக் கண்டுபிடித்த எங்கள் கேப்டன் வேண்டுமென்றே குட்டையானவனைத்தான் நிறுத்துவான். எகிறிப் பிடிக்கவும் கூடாது, எகிறினால் அந்த உயரமும் கணக்கில் வந்துவிடும் என்று எதிரணி வாதாடும்.

இன்னொன்று. 1990 ஆட்டங்கள் சலிப்பாக இருந்ததற்கு ஒரு காரணம், கீப்பருக்கே பந்தைத் திருப்பித் தந்து அவர் கையில் எடுத்து நேரத்தைக் கடத்தியது. நாங்களும் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தோம். முன்னணியில் இருக்கும் அணி திருப்பித் திருப்பிக் கீப்பரிடமே கொடுக்கும். பெரிய சண்டையாகி, இனி நம் ஆள் காலால் தந்ததைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று நாங்களே முடிவு செய்தோம். 1992இல் அதே விதியை உலகத்துக்கே கொண்டுவந்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அவ்வளவு பெருமை.

* * *

நான் இப்போது சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிறேன். முதல் பதிவைப் படித்ததும் எங்கள் குழுவில் எப்போதும் கடைசியாக நிற்கும் ஒரு பையன் நினைவுக்கு வந்தான். கோலுக்குப் போ என்று நானும் கையைத்தான் காட்டியிருக்கிறேன். 10 வயது வரை ஒரே பிள்ளையைக் கோலில் நிறுத்தி வைக்கக் கூடாது, எல்லாரும் முறை வைத்து நிற்க வேண்டும், கீப்பராகப் போகிறவனுக்கும் காலால் ஆடத் தெரிய வேண்டும் என்பது பயிற்சியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

நேற்று ஊன்றும் கால் விஷயத்தை அவனுக்கு மட்டும் தனியாகச் சொன்னேன். அடிக்கிறவன் ஓடி வரும்போது பாதத்தைப் பார், முன்கூட்டியே பாயாதே, ஊன்றும் வரை பொறு என்றேன். மூன்றாவது பந்தைத் தடுத்தான். அடுத்தது அவன் தலைக்கு மேலே போனது. “சார், இன்னொண்ணு அடிக்கச் சொல்லுங்க” என்றான். இருட்டும் வரை அடித்துக்கொண்டிருந்தோம். இன்று அவனுக்கு முன்னால் நிற்க இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேன்ட் யோசனையும் நல்லது அண்ணா, அதையும் சொல்லப்போகிறேன்.