பள்ளிக் கவர்னர் கூட்டத்தில் டீ, பிஸ்கட் வைக்கலாமா?

கேள்வி (ஹாரோ, லண்டன்):
எங்கள் தொடக்கப்பள்ளியில் நான் பெற்றோர் கவர்னர், அதாவது பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவள். கூட்டம் மாலை 6 மணிக்கு. பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வருகிறார்கள். பட்ஜெட் தாள்களைப் புரட்டும்போதே முகம் வாடிவிடுகிறது. மேசையில் ஒரு ஜாடித் தண்ணீர் மட்டும்தான். சம்பளமே வாங்காமல் வருகிறவர்களை ஒரு டீகூடக் கொடுக்காமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பள்ளிப் பணத்தில் வாங்கலாமா?

பதில் 1:
டீ, பிஸ்கட் அளவோடு என்றால் பொதுவாக யாரும் மறுப்பதில்லை. தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ரசீதை அலுவலகத்தில் கொடுங்கள். அகாடமி (அரசு நேரடியாக நிதி தரும் பள்ளி) என்றால் பள்ளிப் பணத்தில் குடிக்க மது வாங்கக் கூடாது, மத வழிபாட்டுக்கு மட்டும் விலக்கு. அது அரசு விதி.

பதில் 2 (லெஸ்டர்):
கட்டாயம் வையுங்கள் அக்கா. எங்கள் கிளார்க் 5:45க்கே கெட்டிலைப் போட்டுவிடுவார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் புதிதாக வந்தவர்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். ரமலான் மாதத்தில் சில சமயம் கூட்ட நேரத்திலேயே நோன்பு திறக்க வேண்டியிருக்கும். பேரீச்சம்பழம் வைத்து, ஐந்து நிமிடம் நிறுத்துவோம். அப்புறம், வீட்டு முறுக்கு கொண்டுபோகலாம், வேர்க்கடலை போட்ட மிக்சர் வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் காலையில் அதே அறைக்குத்தான் வருவார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைக்கே தலைமை ஆசிரியருக்கு எழுதுகிறேன். முறுக்கு என் செலவு.