கயலுக்கு எந்த மீன்?

குழு: ஆச்சி வீடு

கயல்: எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மீனில் பாதரசம் இருக்கிறது, வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு அத்தை இரண்டு வாரமாக மீனே வாங்கவில்லை.

அம்மா: உன்னைச் சுமந்தபோது வாரம் நாலு நாள் மீன்தான். உனக்கென்ன குறை?

தேவி சித்தி: அக்கா, நீங்கள் சாப்பிட்டது சாளையும் நெத்திலியும். அவற்றில் பாதரசம் மிகவும் குறைவு.

தேவி சித்தி: கயல், செய்தி முழுப் பொய் இல்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக்கழிவுப் பாதரசம் கடல் மீனில் ஏறியது. 1956இல்தான் நோய் வெளியே தெரிந்தது. தாயிடம் நோயின் அடையாளம் பெரிதாகத் தெரியாது, பிறந்த பிள்ளைக்குக் கை கால் சரியாக இயங்காது, பேச்சு வராது. அது ஆலை செய்த கொடுமை. நம் பக்கம் பார்க்க வேண்டியது, எந்த மீன் என்பது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பாதரசம் கூடிக்கொண்டே போகும். பல வருடம் வாழும் சுறாவில்தான் அதிகம்.

சித்தப்பா: நன்றாக அலசிக் கொதிக்க வைத்தால் போகாதா?

தேவி சித்தி: போகாதுங்க. சதையோடு ஒட்டியிருக்கும். பொரித்தாலும் அப்படியேதான்.

கயல்: அப்படியென்றால் அத்தை சொல்வது சரிதானே சித்தி?

தேவி சித்தி: இல்லை கண்ணு. மீனையே நிறுத்துவதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையின் மூளைக்கு மீனில் இருக்கும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு வேண்டும், அயோடின் வேண்டும். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான தாய்மாரைத் தொடர்ந்து பார்த்து 2007இல் எழுதினார்கள். வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு சாப்பிட்டவர்களின் பிள்ளைகள்தான் மொழித்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் பாதரசத்தால் பிள்ளைகளின் பேச்சும் நினைவாற்றலும் குறைந்தது உண்மை. ஆனால் அங்கே அது பெரும்பாலும் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது.

அம்மா: அப்போ சுறாப்புட்டு? பிரசவம் ஆனதும் பால் ஊறச் செய்து தரவேண்டும் என்று ஆச்சி இப்போதே சொல்லிவிட்டார்களே.

தேவி சித்தி: பால் கொடுக்கும்போதும் சுறா வேண்டாம் அக்கா. அதே பக்குவத்தில், பூண்டு கூடப் போட்டு, சாளையில் புட்டு செய்யலாம். முள் எடுக்கத்தான் நேரமாகும்.

கயல்: அத்தை இதைப் படித்துவிட்டு, சீலா வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

தேவி சித்தி: அதுவும் பெரிய வேட்டை மீன்தான். பிள்ளை பிறக்கும்வரை விட்டுவிடச் சொல். சாளை, நெத்திலி, வாரம் இரண்டு மூன்று நாள் போதும்.

அம்மா: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஆகாது என்றால் சுறா வேண்டாமாம். சாளை வாங்கி வை, நானே உட்கார்ந்து முள் எடுக்கிறேன் என்கிறார்கள்.