மறுமொழி: நோகோகிரிக்கு 'இழுவை ரம்பம்' சரியா?

> நோகோகிரி - இழுவை ரம்பம். ரியோபா - இருமுனை ரம்பம். தோஸுகி - முதுகு ரம்பம். அஸெபிகி - வளைவு ரம்பம்

நோகோகிரி என்பது ஜப்பானியக் கைரம்பம், மற்ற மூன்றும் அதன் வகைகள். அவற்றுக்கு நீங்கள் தந்த தமிழ்ப் பெயர்கள்தான் மேலே இருப்பவை. 'இழுவை' என்றதும் எனக்குப் படகுதான் நினைவுக்கு வருகிறது. புதுச்சொல் எதற்கு? 'ஈர்வாள்' இருக்கிறதே. ஈர்தல் என்றால் அறுத்தல், ஈர்த்தல் என்றால் இழுத்தல். ஜப்பானியத்திலும் இதே கதைதான்: 'ஹிகு' என்ற ஒரே ஒலிக்கு இழு, அறு இரண்டும் பொருள், எழுத்து மட்டும் வேறு. கடையில் வாங்கும் வழக்கமான கைரம்பம் தள்ளும்போது அறுக்கும், நோகோகிரி இழுக்கும்போது அறுக்கும். இழுக்கும்போது தகடு விறைத்து நிற்பதால் மடங்காது. 0.3 மி.மீ. தகட்டில்கூட தோஸுகி செய்ய முடிவது அதனால்தான்.

ஈர்வாள் எல்லா ரம்பத்துக்கும் பொதுப்பெயர் ஆயிற்றே என்பீர்கள். ஆமாம். ஆனால் இன்று பட்டறையில் யார் அதைச் சொல்கிறார்கள்? சும்மா கிடக்கிற சொல், எடுத்துக்கொள்வோம்.

முனை என்றால் நுனி; ரியோபாவுக்குப் பல் இருப்பது இரண்டு விளிம்பிலும். ஒன்று நெடுக்காக அறுக்க, மற்றது குறுக்காக. கோடாலிக்கு வாய் இருப்பதுபோல இதற்கு 'இருவாய் ஈர்வாள்'. (ஆழமாக அறுத்தால் மேல்வாயும் வெட்டுக்குள் இறங்கி மரத்தைக் கீறிவிடும், அது வேறு தொல்லை.)

தோஸுகிக்கு முதுகில் கெட்டிப்பட்டை உண்டு என்பது சரி, ஆனால் ஐரோப்பிய ரம்பங்களிலும் அது உண்டு. ஜப்பானியர் பெயர் வைத்தது மரத்துண்டுகள் இணையும் மூட்டைப் பார்த்து: துளைக்குள் நுழையும் நாக்கின் அடியில் தோள்போல் பதியும் பரப்பை அறுப்பது. 'தோள்வாள்' என்கிறேன்.

அஸெபிகியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'அஸெ' என்றால் வயல் வரப்பு! பலகையில் நகரும் கதவுக்குக் காடி (நீள்பள்ளம்) எடுக்கும்போது, காடிகளுக்கு நடுவே நிற்கும் மேடு வரப்புப் போலத்தானே இருக்கிறது? குட்டையான தகடு, வளைந்த பல்வரிசை. ஓரத்திலிருந்து தொடங்காமல் பலகையின் நடுவிலேயே பல் பதிக்கலாம். 'வரப்புவாள்' என்றால் நமக்குப் படம் தானாகவே வருகிறது. 'வளைவு' என்றால் வளைந்த கோட்டில் அறுக்கும் ரம்பம் என்று படிப்பவர் ஏமாந்துபோவார்.

அப்புறம் 'அசாரி' என்ற ஜப்பானியச் சொல். தகடு வெட்டில் இறுகாமலிருக்கப் பற்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வெளியே வளைப்பது. மர ஆணியின் தலையை மட்டமாக அறுக்கும் வாளில் இது இருக்காது, இருந்தால் பலகையில் கீறல் விழும். 'பல்சாய்வு' என்றால் பல்லின் முன்சாய்வோடு குழம்பும். இப்போதைக்கு 'பல்விரிவு' என்று வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.