புதுப்பிப்பு: என் ஸ்பிரிங் கத்தியை ஏன் யாரும் சீந்தவில்லை

லேசாகத் தள்ளினால் மிச்சத்தை ஸ்பிரிங்கே திறந்துவிடும் என் மடக்குக் கத்தியைச் சேகரிப்பாளர்கள் யாரும் வாங்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது புரிகிறது. கோத்தகிரி மழையில் இரண்டு வாரம் பையில் கிடந்ததில் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து, பாதித் திறப்பிலேயே நின்றுவிடுகிறது. சரியென்று அதைக் கழற்றினால் பிளேடு மூடி நிற்காமல் தொளதொளவென்று ஆடுகிறது, ஏனென்றால் மூடிப் பிடித்து வைப்பதும் அதே ஸ்பிரிங்தான். நன்றாக இருந்தபோதும் மூட மல்லுக்கட்ட வேண்டும். சும்மா திறந்து மூடி விளையாடும் சுகம் (சேகரிப்பில் பாதி அதுதானே) கிடையாது. அமெரிக்காவில் 1958 சட்டம் பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திகளை முடக்கியதால், பொத்தான் இல்லாத இந்த ரகத்துக்கு ஒரு மவுசு இருந்தது. அப்புறம் பல மாநிலங்கள் தடையைத் தளர்த்திவிட, பிளேடு சுழலும் இடத்தில் பேரிங் வைத்த, ஸ்பிரிங் இல்லாத சாதாரணக் கத்திகளும் இதே வேகத்தில் திறக்க, இது இரண்டுங்கெட்டான் ஆகிவிட்டது. விற்கிற எண்ணத்தை விட்டாச்சு, கொட்டகையில் கேரட் சாக்கு அறுக்கக் கிடக்கட்டும்.