மறு: ரோடுமேப் – ‘தடவரைவு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் எழுத்துப்பிழை திருத்தியின் ஆண்டுக் கணக்கை நேற்று எழுத உட்கார்ந்தேன். முடித்த வேலைகளை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டுப் பகுதிக்கு, அதாவது இனிச் செய்யப்போகும் வேலைகளை வரிசைப்படுத்தும் ‘ரோடுமேப்’புக்கு, தமிழில் தலைப்பு வைப்பதற்குள்தான் ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது.

> வழிகாட்டி வரைபடம் என்றே சொல்லிவிடலாமே?

ஐயா, வரைபடம் ஏற்கெனவே இருக்கிற சாலையைக் காட்டுவது. நாம் சொல்ல வருவதோ இன்னும் போடாத சாலையை. அப்புறம் ஒன்று: யாராவது ‘வரைப்படம்’ என்று எழுதினால் நம் திருத்தி இன்னும் வாயைத் திறப்பதில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை அதற்குச் சொல்லித்தர இந்த ஆண்டும் முடியவில்லை. அந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

> அப்படியென்றால் கால அட்டவணை?

தம்பி, உபுண்டு என்கிற கணினி இயங்குதளத்தில் 24.04 பதிப்பு என்றால் 2024 ஏப்ரல். எண்ணிலேயே தேதி இருக்கிறது, அது அட்டவணை. டெபியன் என்கிற இன்னொரு இயங்குதளத்துக்காரர்களோ வேலை முடிந்தால்தான் வெளியிடுவார்கள். நாம் இரண்டாவது சாதி. போன ஆண்டு ‘மார்ச்சில் கைபேசிச் செயலி’ என்று எழுதிவிட்டு நான் பட்டது போதும்.

ஏற்காடு பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிற பிள்ளை ‘எத்தனை மணிக்குப் போவோம்’ என்று கேட்காது, ‘இது எத்தனாவது வளைவு’ என்றுதான் கேட்கும். பயனருக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும்: எது முன்னே, எது பின்னே, இப்போது எங்கே நிற்கிறோம்.

அதனால்தான் ‘தடவரைவு’. சேலம் பக்கம் தடம் என்றால் கால்சுவடு மட்டுமில்லை, நடக்கிற வழியே தடம்தான். ‘இந்தத் தடத்துலயே போங்க, கோயில் வரும்’ என்பார்கள். வண்டி போய்ப்போய் விழுந்தது வண்டித்தடம். வரைவைப் பற்றி விளக்கவே வேண்டாம். வரைவு வாக்காளர் பட்டியல் வந்தால் பெயர் விட்டுப்போனவர் மனு எழுதுகிறார். வரைவு என்றாலே இன்னும் திருத்தலாம் என்று ஊருக்கே தெரியும். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்தப் பணிவு நம் சொல்லில் தானாக வந்துவிடுகிறது.

> தட + வரைவு என்று பிரித்தால் ‘பெரிய வரைவு’ ஆகாதா?

ஆகும். ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பியம். கடைசி எழுத்தை விட்டுவிட்டால் இன்னும் மோசம், ‘தடவரை’ பெரிய மலையாகிவிடும். சேர்வராயன் மலையடியில் உட்கார்ந்துகொண்டு அதற்கெல்லாம் பயந்தால் எப்படி? சொல் வரும் இடம் பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. அகப்பாட்டில் வரைவு என்றால் திருமணம். தலைவன் நாளைக் கடத்திக்கொண்டே போக, ‘எப்போது மணப்பாய்’ என்று தோழி நெருக்குவது வரைவு கடாதல். ‘செயலி எப்போ வரும்?’ என்று மாதாமாதம் கடிதம் போடுகிறவர்களை நினைத்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

‘ரோடுமேப் என்றே விட்டுவிடலாம்’ என்ற கருத்தையும் படித்தேன். பேச்சில் இருக்கட்டும், தடுக்கவில்லை. ஆண்டறிக்கையின் தலைப்பில் மட்டும் வேண்டாம்.

இப்போதைக்குத் தடவரைவில் மூன்று வளைவு: சந்திப்பிழை, ஊர்ப்பெயர்ப் பட்டியல், கைபேசிச் செயலி. தேதி போடவில்லை. ஞாயிறு வரை மறுப்பு வரவில்லையென்றால் இந்தத் தலைப்பிலேயே ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து

பி.கு.: ‘மைல்கல்’லையும் மாற்றச் சொல்லி ஒருவர் கேட்டிருந்தார். சாலையில் கிலோமீட்டர் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கல்லின் பேர் மாறவில்லை. அதை விட்டுவிடுவோம்.